முதலில் சூடு, பிறகு பால்

மே மாதக் கடைசியில் எங்கள் பண்ணைக்கு ஆட்கள் வருவார்கள். ஸ்காபரோவிலிருந்து மாமா குடும்பம், மிசிசாகாவிலிருந்து சித்தி குடும்பம், அவர்களோடு அவர்களுடைய நண்பர்கள். கார் நின்றதும் நிற்காததுமாக என் மச்சாள்மார் ஆட்டுக் கொட்டிலுக்கு ஓடுவார்கள். அங்கே ஐந்து கிழமைக் குட்டிகள் வைக்கோல் கட்டுகளில் ஏறிக் குதிக்கும், ஒன்றை ஒன்று முட்டும், சப்பாத்து நாடாவைச் சப்பும். ஆளுக்கு ஐம்பது படம் எடுப்பார்கள். "நீ சரியாக் குடுத்துவச்சனி" என்று என்னிடம் சொல்வார்கள்.

நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் பார்ப்பது மே மாதத்தை. ஏப்ரலில் அவர்கள் யாரும் வருவதில்லை.

நான் எழுதப்போவது ஏப்ரலைப் பற்றித்தான். அந்த மாதத்தில் செத்துப்போன ஒரு குட்டியைப் பற்றி. அதோடு, அம்மம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லாமல் விட்ட இரண்டு வசனங்களைப் பற்றி.

எங்கள் காணி பீற்றர்பரோவுக்குக் கிழக்கே இருக்கிறது. 25 ஏக்கர் என்றால் பெரிதாகத் தெரியும். அதில் பாதி கல்லும் சீடர் மரங்களும்தான். அப்பா இருபது வருடம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய நிலம். வாங்கிய பிறகும் இரவு வேலையை விடவில்லை, காணிக்குக் கடன் கட்ட வேண்டும். முதல் வருடம் கோழி மட்டும் வளர்த்தோம். ஒன்ராறியோவில் கோட்டா இல்லாதவர்கள் 99 முட்டைக் கோழிகள் வரை வைத்திருக்கலாம். எங்களிடம் முப்பது நின்றன. இரண்டாம் வருடம் அப்பா ஐந்து மறியாடுகளை வாங்கி வந்தார். தென்னாபிரிக்காவில் உருவான போயர் இனத்தில் கலந்தவை. நான்குக்கு வெள்ளை உடம்பு, மண்ணிறத் தலை, தொங்கும் காது. ஐந்தாவது முழுக் கறுப்பு. அதற்கு அம்மம்மா கறுப்பி என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதில் எங்கள் குடும்பம் அவ்வளவு மினக்கெடுவதில்லை.

ஆடு எந்த மாதமும் குட்டி போடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் என்று அம்மம்மா சொல்வார். பகலும் இரவும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கிற இடத்தில் அது சரி. இங்கே பகல் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான மறிகள் கிடாயைத் தேடும். சினைக்காலம் கிட்டத்தட்ட 150 நாள். நவம்பர் நடுவில் கிடாயை விட்டால் ஏப்ரல் நடுவில் குட்டி. அது கடித்துப் பழகும் வயதில் புல்லும் தளிர்த்துவிடும். கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஏப்ரல் நடுப்பகுதி நாட்காட்டியில் மட்டுமே வசந்தம். பகலில் பனி உருகிச் சேறாகும், இரவில் அந்தச் சேறு கல்லாகும்.

அப்போது அம்மம்மாவுக்கு 76 வயது. உரும்பிராயில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் கொக்கத்தடியோடு போய்ப் பலாக்குழையும் பூவரசங்குழையும் முறித்து வந்து ஆட்டுக்குக் கட்டியவர். கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் இருந்தார். அந்த ஒன்பதாம் மாடியில் நான் கண்ட அம்மம்மா வேறு, கொட்டிலுக்குள் கண்ட அம்மம்மா வேறு. ஆட்டுக்குக் கிட்டப் போனதும் அவர் குரலே மாறிவிடும். ஊரில் யாரோ சொந்தக்காரரோடு கதைப்பதுபோலக் கதைப்பார்.

குட்டி போடுவதற்கு முதல்நாள் வாலடியின் இரண்டு பக்கத்திலும் உள்ள நரம்பு தளர்ந்து கூழ்போல ஆகிவிடும் என்று என் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டியவர் அவர். மடி இறுகிப் பளபளக்கும், மற்ற ஆடுகளை விட்டு விலகி மூலைக்குப் போகும், முன்னங்காலால் நிலத்தைக் கீறும். தாய் நக்காமல் நின்றால் குட்டியின் மேல் கொஞ்சம் உப்புத் தூவ வேண்டும். முதல் பாலுக்குக் கடும்பு என்று பெயர், அது எப்படியும் குட்டியின் வயிற்றுக்குள் போக வேண்டும். இந்தியாவில் இதைச் சீம்பால் என்பார்கள். இதெல்லாம் நான் பிறகு புத்தகங்களில் தேடிப் படித்தேன். அம்மம்மா சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை.

ஆனால் அவர் படித்த பாடத்தில் ஒரு அத்தியாயம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஈரமாக விழுகிற குட்டி கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். குளிரில் விறைத்துச் சாகிற குட்டியை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. எங்களுக்கு அது தெரியாது என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மார்ச் மாதத்தில் முதலில் வருவது சிவப்புத் தோள் வைத்த கறுப்புக் குருவிகள். பழுதடைந்த கதவு திறப்பதுபோல அவற்றின் சத்தம். பிறகு ஏப்ரலில், ஒரு மழை பெய்த இரவில், பின்பக்கத்துச் சதுப்பில் தவளைகள் தொடங்கும். பெருவிரல் நுனியளவு தவளைகள்தான், ஆனால் நூற்றுக்கணக்கில் விசிலடிக்கும்போது வீட்டுக்குள் கதைப்பது கேட்காது. அப்படியான ஒரு நாள் பின்னேரம்தான் அம்மம்மா கறுப்பியின் வாலடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது இண்டைக்கு ராத்திரி போடும். நீ முழிச்சிருக்க வேணும்."

அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா முதியோர் இல்லமொன்றில் இரவு முறை. தம்பிக்கு ஒன்பது வயது. எனக்குப் பதினைந்து. பொறுப்பு என்னுடையது என்று நானாகவே கேட்டு வாங்கினேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அலாரம் வைத்தேன். பத்து மணிக்குப் போனேன், ஒன்றுமில்லை. பன்னிரண்டுக்குப் போனேன், கறுப்பி அசைபோட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் போனேன். மழை விட்டு வானம் வெளித்துவிட்டது, காது சுட்டது, மூக்குக்குள் மயிர் உறைந்தது. கறுப்பி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்பி வந்து படுத்தேன்.

நாலு மணி அலாரத்தை நான் நிற்பாட்டினேன். அது எனக்கு நினைவிருக்கிறது. எழும்பவில்லை.

ஐந்தேகாலுக்குத் திடுக்கிட்டு விழித்து, சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டு குட்டிகள். ஒன்று காய்ந்து, எழும்பி நின்று, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. மற்றது சுவரோரம், வைக்கோல் விலகிப்போன வெறும் நிலத்தில், அப்படியே ஈரமாகக் கிடந்தது. கறுப்பி முதலாவதை நக்குவதில் இரண்டாவதை மறந்துவிட்டது போல. தூக்கினேன். தலை என் கைக்கு வெளியே தொங்கியது. ஆனால் மூச்சு இருந்தது.

அம்மம்மாவை எழுப்பினேன். அவர் இரவு உடுப்புக்கு மேல் அப்பாவின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். குட்டியைப் பார்த்ததும் சொன்னார்:

"கெதியாப் பாலைப் பருக்கு பிள்ளை. வயித்திலை ஒண்டும் இல்லாமல் கிடக்கு."

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீடுகளில் எந்தப் பிரச்சினைக்கும் முதல் மருந்து சாப்பாடுதான். சோதனையில் குறைவான புள்ளி எடுத்தால் சாப்பிடு. காய்ச்சல் என்றால் சாப்பிடு. சண்டை பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பை சோற்றோடு யாராவது தட்டுவார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கறுப்பியில் கடும்பைக் கறந்து, சூப்பிப் போத்தலில் விட்டு, குட்டியின் வாய்க்குள் வைத்தேன். அது சூப்பவில்லை. போத்தலை அமத்தினேன். பால் உள்ளே போனது. குடிக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இன்னும் கொஞ்சம் அமத்தினேன். மூக்கால் பால் வந்தது. பலமில்லாத ஒரு இருமல். பிறகு ஒரு முனகல்.

ஆறு மணிக்கு முன் என் மடியிலேயே செத்தது. மறிக்குட்டி. கிடாய் என்றால் இலையுதிர் காலத்தில் விற்றிருப்போம், இது எங்களோடு நின்றிருக்கும்.

நான் அழவில்லை. அம்மம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"நீங்கள்தானே பாலைப் பருக்கச் சொன்னனீங்கள்!"

ஏன் அப்படிச் சொன்னேன் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. பால் கொடுத்தது பிழை என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. யாரிலாவது போட வேண்டியிருந்தது, போட்டேன்.

அப்பா ஏழரைக்கு வந்தார். குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தார். தெருவின் மறுமுனையில் நாற்பது வருடமாகச் செம்மறி வளர்க்கிற ஒரு பெண்மணி இருக்கிறார். அறுபது தாண்டியவர், எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். பத்து நிமிடத்தில் தன் பழைய ட்ரக்கில் வந்துவிட்டார். கையில் ஒரு வெப்பமானியும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும். செத்த குட்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இதன் வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தாயா? சூடாக இருந்ததா?"

நான் யோசித்தேன். போத்தலின் சூப்பியை வைக்கும்போது என் விரல் அதன் நாக்கில் பட்டிருந்தது. குளிர்ப்பெட்டிக்குள் கையை விட்டதுபோல இருந்தது.

அவர் கொட்டில் வாசலில் நின்றபடி நிறைய நேரம் விளங்கப்படுத்தினார். ஆட்டுக்குட்டியின் உடம்புச் சூடு 39 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். 37-க்குக் கீழே இறங்கிவிட்டால் அது சூப்பும் பலத்தை இழந்துவிடும், விழுங்கவும் மறந்துவிடும். குடலும் வேலை செய்யாது. அந்த நேரத்தில் வாயில் விடுகிற பால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடலாம். வயிற்றுக்குப் போனாலும் சமிக்காமல் கிடக்கும். ஆகவே முதலில் துடை. பிறகு சூடாக்கு. வாய்க்குள் சூடு வந்து, உன் விரலைச் சூப்பத் தொடங்கிய பிறகு மட்டும் பால்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வசனம் சொன்னார். இந்தக் குட்டி ஒரு மணித்தியாலமாவது ஈரத்தில் கிடந்திருக்கிறது, நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. உண்மையான பிழை பாலில் இல்லை, அது விழுந்த நேரத்தில் துடைப்பதற்கு ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை.

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

உங்களில் பலருக்கு இந்த வேலை பழக்கமாக இருக்கும். வைத்தியரிடம், வங்கியில், பள்ளிக்கூடத்தில், பெரியவர்களுக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கத்து வார்த்தையை அந்தப் பக்கம் கொண்டுபோகிற வேலை. அதைப் பாரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு அதிகாரமும்கூட. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

"குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் குடுக்கக்கூடாதாம்" என்றேன். "முதல்லை சூடாக்க வேணுமாம்."

அவ்வளவுதான் சொன்னேன். கடைசி இரண்டு வசனத்தையும் நான் வைத்துக்கொண்டேன்.

அம்மம்மா தலையை ஆட்டினார். "எனக்கு உந்தக் குளிர் தெரியாது பிள்ளை" என்றார். பிறகு வீட்டுக்குள் போனார். அன்று மத்தியானம் அவர் சமைத்தார், எல்லோருக்கும் போட்டார், தான் சாப்பிடவில்லை. "பசியில்லை" என்றார். எங்கள் குடும்பத்தில் அம்மம்மாவின் வாயிலிருந்து நான் அதுவரை கேட்காத சொல்.

குட்டியை அப்பாவும் நானும் சீடர் மரங்களுக்குப் பின்னால் புதைத்தோம். கொயோட்டி தோண்டாமல் இருக்க ஆழமாக வெட்ட வேண்டும். மேலே ஒரு சாண் மண் சேறு, அதற்குக் கீழே இன்னும் பனிக்கட்டி. அப்பா அலவாங்கால் குத்தினார். "நீ எத்தனை மணிக்குப் போனனி?" என்று ஒரு தரம் கேட்டார். "ஐஞ்சே காலுக்கு" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த பத்து நாளும் நான் படித்தேன். பால் விஷயம் ஏன் இவ்வளவு சிக்கல் என்று அப்போதுதான் விளங்கியது. மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு கருப்பையிலேயே கிடைத்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அப்படி இல்லை. தாயின் எதிர்ப்புப் பொருட்கள் கடும்பு வழியாக மட்டும்தான் வரும். பிறந்த முதல் சில மணித்தியாலங்களில்தான் குடல் அதை முழுசாக உள்ளே எடுக்கும். நேரம் போகப்போக அந்தக் கதவு மூடிக்கொண்டு வரும், 24 மணித்தியாலத்தில் ஏறக்குறைய மூடிவிடும். ஆக, அம்மம்மா அவசரப்பட்டதில் நியாயம் இருந்தது. கடும்பு அவசரம்தான். அதைவிட அவசரமான ஒன்று அதற்கு முன்னால் இருந்தது, அவ்வளவுதான்.

கொட்டிலில் ஒரு பெட்டி தயார் செய்தோம். பழைய துவாய்கள், வெப்பமானி, தொப்புளுக்கு அயடீன், ஹெயார் டிரையர், பெரிய பிளாஸ்ரிக் பைகள். பை எதற்கு என்றால், மிகவும் விறைத்துப்போன குட்டியைத் தலை வெளியே இருக்கப் பைக்குள் வைத்து இளஞ்சுடுநீரில் பிடிக்க வேண்டும். நேரே தண்ணீரில் விட்டால் அதன் மணம் கழுவுப்பட்டுவிடும், தாய் பிறகு தன் பிள்ளை என்று ஏற்காமல் விடலாம். கறுப்பியில் கறந்த மிச்சக் கடும்பைப் பிரீசரில் வைத்தோம். அதை மைக்ரோவேவில் சூடாக்கக்கூடாது, அதிலுள்ள நல்லதெல்லாம் கெட்டுவிடும், சுடுநீருக்குள் வைத்துத்தான் இளக வைக்க வேண்டும். வெப்ப விளக்கைப் பற்றி அந்தப் பெண்மணி கடுமையாக எச்சரித்தார். அது வைக்கோலில் விழுந்து எரிந்துபோன கொட்டில்களை அவர் கண்டிருக்கிறார். பிறந்து பல மணித்தியாலம் கடந்து விறைத்த குட்டி என்றால் உடம்பில் எரிக்கச் சக்தியும் மிச்சமிருக்காது, அதற்கு வெறும் சூடு போதாது, உடனே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

இதையெல்லாம் நான் அம்மம்மாவுக்கு ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். அந்த இரண்டு வசனத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அம்மம்மா கொட்டிலுக்கு வருவதைக் குறைத்துவிட்டார். நான் ஆட்டைப் பற்றி ஏதாவது கேட்டால், "எனக்கென்ன தெரியும், அந்த மனிசியைக் கேள்" என்பார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அறுபது வருடமாக அவரிடம் இருந்த ஒரு அறிவை, ஒரே ஒரு காலையில், நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் வெள்ளை ஆடுகளில் ஒன்று மூலைக்குப் போய் நிலத்தைக் கீறத் தொடங்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பகல். ஆனாலும் வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டியது. நான் அம்மம்மாவைக் கூப்பிடப் போனேன். "நீ பார்ப்பாய்தானே" என்றார். "பார்ப்பன்" என்றேன். "ஆனால் நீங்கள் வாங்கோ."

மூன்று குட்டிகள். மூன்றாவது மிகச் சின்னது. தாய் முதல் இரண்டோடு மினக்கெட, நான் மூன்றாவதைத் துவாயால் தேய்த்தேன். வாய்க்குள் விரலை வைத்தேன். குளிர். வெப்பமானி 36.8 காட்டியது. ஹெயார் டிரையரை எடுத்துச் செருகினேன், அது வேலை செய்யவில்லை. கொட்டிலில் மின்சாரம் நின்றுபோயிருந்தது.

அம்மம்மா ஒன்றும் பேசாமல் வைக்கோல் கட்டில் உட்கார்ந்தார். ஜக்கெற்றின் சங்கிலியைக் கீழே இழுத்து, உள்ளே இருந்த சுவெற்றரையும் விலக்கி, "தா" என்று கையை நீட்டினார். குட்டியைத் துவாயோடு நெஞ்சில் வைத்துச் சங்கிலியை மேலே இழுத்தார். ஒரு சின்ன மூக்கு மட்டும் அவர் கழுத்துக்குக் கீழே தெரிந்தது. தம்பியை அனுப்பி வீட்டிலிருந்து சுடுநீர்ப் போத்தல் இரண்டு எடுப்பித்தேன், துணி சுற்றி அவற்றையும் உள்ளே வைத்தோம்.

பிறகு காத்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வாய்க்குள் விரல். கடும்பு என் பக்கத்தில் சுடுநீருக்குள் தயாராக இருந்தது. கொடுக்கவேண்டும் என்று கை துடித்தது. பசித்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு பாலைக் கையில் வைத்திருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத வேலை. தகரக் கூரையில் மழை. தாய் அடிக்கடி வந்து அம்மம்மாவின் ஜக்கெற்றை மணந்துவிட்டுப் போனது.

அந்தக் காத்திருப்பில்தான் சொன்னேன்.

"அம்மம்மா, அண்டைக்கு அந்த மனிசி சொன்னதிலை பாதியைத்தான் நான் உங்களுக்குச் சொன்னனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குட்டியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கனநேரமா ஈரத்திலை கிடந்ததாம். பாலாலை மட்டும் சாகேல்லையாம். துடைக்க ஆள் இல்லாததுதான் பிழையாம். நான் நாலு மணிக்கு அலாரத்தை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டன்."

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தெரியும் பிள்ளை" என்றார். "அவ கதைச்சது நீளம். நீ சொன்னது கட்டை."

எனக்கு அழுகை வந்தது. பத்து நாளாக வராத அழுகை. அம்மம்மா ஒரு கையால் குட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என் தலையைத் தன் தோளில் சாய்த்தார். அந்தத் தோளில் ஆட்டு மணமும் விக்ஸ் மணமும் சேர்ந்து இருந்தன. மன்னிப்பு என்ற சொல்லை நானும் பாவிக்கவில்லை, அவரும் பாவிக்கவில்லை.

நாற்பது நிமிடம் இருக்கும். அம்மம்மா தன் விரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"சூப்புது. வாய் சூடாயிட்டுது. இப்ப பாலை எடு."

வெப்பமானியில் 38.6. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது. பின்னேரம் நாலு காலில் நின்றது, விழுந்தது, மறுபடி நின்றது. அடுத்த நாளிலிருந்து அம்மம்மா வழக்கம்போல விடியவே கொட்டிலுக்கு வரத் தொடங்கினார். பிறகு வந்த வசந்தங்களில் வாலடியைப் பார்த்து நாள் சொல்வதும் அவர்தான், வாய்க்குள் விரல் வைத்துச் சூடு பார்ப்பதும் அவர்தான். செம்மறிக்காரப் பெண்மணி தன் ஆடுகளின் வாலடியைத் தொட்டுப் பார்க்க அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போன நாளும் வந்தது. அங்கேயும் மொழிபெயர்த்தது நான்தான். இரண்டு பக்கத்து வசனத்தையும் எண்ணி எண்ணிச் சொன்னேன்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. அன்று காப்பாற்றிய சின்னது ஒரு மறிக்குட்டி. அது இப்போது கொட்டிலில் பெரிய தாயாடு. கிடாய்களை ஒவ்வொரு வருடமும் விற்கிறோம். யாருடைய வீட்டுக் கறிச்சட்டிக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும், சில நேரம் எங்களுடைய சட்டிக்கும்தான். படம் எடுக்கிற மச்சாள்மார் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், பிறகு இரண்டாம் தரம் கறி போட்டுக்கொள்வார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரு உயிரை நெஞ்சோடு வைத்துச் சூடாக்குவதும் ஒக்டோபரில் அதை விற்பதும் ஒரே கைகள்தான். இரண்டையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் அப்பா எங்களுக்குச் சொல்லித்தந்தது.

ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த ஒழுங்கு எனக்கு எங்கேயாவது கண்ணில் படுகிறது. மே மாதத்தில் ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகள் பெட்டியில் வரும். முட்டையின் மஞ்சள் கருவை உள்ளே இழுத்துக்கொண்டுதான் அவை வெளியே வருகின்றன, அதனால் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலும் தாங்கும். 35 பாகைச் சூடு இல்லாமல் தாங்காது. பின்பக்கத்துக் காட்டில் மரத்தவளை என்று ஒன்று இருக்கிறது. மாரியில் சருகுக்குள் அப்படியே உறைந்துவிடும், இதயமும் நின்றுவிடும். வசந்தத்தில் பனி இளகும்போது முதலில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. இரை தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இப்போது படிப்புக்காக வேறு நகரத்தில் இருக்கிறேன். அம்மம்மாவுக்கு 82 வயது, முழங்கால் விடவில்லை, கொட்டிலுக்குப் போவது குறைவு. ஆனால் ஏப்ரல் இரவுகளில் ஜன்னலடியில் உட்கார்ந்து கொட்டில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தம்பி சொல்கிறான். அவன் அலாரத்தை நிப்பாட்டினால் அம்மம்மா கைத்தடியால் சுவரில் தட்டுவாராம்.

எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுப்பார். முன்பெல்லாம் அவர் கேட்கும் முதல் கேள்வி உங்கள் வீட்டு அம்மம்மாக்கள் கேட்பதுதான்: "சாப்பிட்டியோ?" போன மாரியில் ஒரு நாள், சோதனை ஒன்றில் மோசமாகச் செய்துவிட்டு, யாரோடும் கதைக்க விருப்பமில்லாமல் படுத்திருந்தபோது எடுத்தார். நான் "ஹலோ" மட்டும்தான் சொன்னேன். அதிலேயே பிடித்துவிட்டார்.

"என்ன பிள்ளை, குளிருதோ?" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அரை மணித்தியாலம் இருக்கும்.

பிறகுதான் கேட்டார், சாப்பிட்டியோ என்று.